பேரன் சிரிக்கிறான், மகள் கோபப்படுகிறாள்

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 66 வயதுப் பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறோம்.

மகள் வயிற்றுப் பேரனுக்கு 6 வயது. நான்கு மாதம் முன்பு விடாத காய்ச்சல், கால்வலி, உடம்பில் அங்கங்கே நீலத் திட்டு என்று காட்டப் போன இடத்தில், ஏ.எல்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் சிகிச்சை நடக்கிறது. மகள் முழு நேரமும் பையனோடு இருக்கிறாள். மாப்பிள்ளை வேலைக்கும் மருத்துவமனைக்குமாக அலைகிறார். பையனின் 10 வயது அக்கா ஊரில் பாட்டியோடு இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். தாத்தா வாரத்தில் நாலு நாள் வார்டில்.

பையனைச் சிரிக்க வைப்பதுதான் தாத்தா எடுத்துக்கொண்ட வேலை. சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் போகும்போது, "திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரமெல்லாம் ஏறு! சில்லறை வச்சுக்கோ!" என்று குரல் கொடுப்பார். மருந்துக்கடை பில்லைக் கிழித்து டிக்கெட் கொடுப்பார். முடி கொட்டிப் பையனின் தலை வழுக்கையான அன்று, தன் தலையைத் தடவிக் காட்டி, "இப்ப நீயும் நானும் ஒரே டிப்போடா" என்றிருக்கிறார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மகளோ, "எப்படிப்பா உங்களால சிரிக்க முடியுது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அதிலிருந்து சரியான பேச்சு இல்லை. ஊரில் மனைவி, "ரொம்ப சிரிச்சா அப்புறம் அழணும், கண்ணு பட்டுடும்" என்கிறார். டீக்கடை நண்பரோ, "சிரிக்கச் சிரிக்க ரத்தம் ஊறும், கேன்சரே போயிடும், விடாதே" என்கிறார்.

கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறார். ஒரு ராத்திரி பையன், "தாத்தா, நான் செத்துடுவேனா?" என்று கேட்டான். "நீ போயிட்டா எனக்கு யாருடா டிக்கெட் குடுப்பா?" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். பையன் சிரிக்கவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டான். தாத்தா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். "பிரஷர் மாத்திரையைக்கூட ரெண்டு மாசமா ஒழுங்கா போடலை. நான் செய்யறது தப்பா? நிறுத்திடட்டுமா?" என்று கேட்கிறார்.

ஐயா, வணக்கம்.

நிறுத்த வேண்டாம். உங்கள் பேரனுக்கு அந்த வார்டில் நடப்பவற்றில் பெரும்பாலானவை அவன் கேட்காதவை. அவனாக விரும்பி நடப்பது உங்கள் பஸ் ஒன்றுதான். ஆனால் எப்போது ஓட்டுவது, யார் ஹோல்டான் சொல்வது, யாரையெல்லாம் ஏற்றிக்கொள்வது என்ற மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் உங்கள் மகளைப் பற்றிப் பேசிவிடலாம்.

மகளின் கோபம் எங்கிருந்து வருகிறது

மகளுக்குச் சிரிப்பே பிடிக்கவில்லை என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நோயில் தாயின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். கசப்பு மாத்திரையை வாயில் திணிப்பது, ஊசி ஏற்றும்போது கையை அமுக்கிப் பிடிப்பது, சாப்பாட்டுக்கு அப்புறமெல்லாம் வாய் கொப்பளிக்க வைப்பது, மருந்து கலந்த தண்ணீர் டப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பது, மயக்க மருந்து கொடுக்கும் நாளில் பசியோடு அழுகிறவனுக்குச் சோறு இல்லை என்று சொல்வது. இத்தனையும் அவள் தலையில். அவள் கையைப் பார்த்தாலே அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாட்களும் இருக்கும். அப்போது நீங்கள் படியேறி வருகிறீர்கள், அவன் முகம் மலர்கிறது. அவள் வில்லி, நீங்கள் கதாநாயகன். "எப்படிச் சிரிக்க முடியுது" என்ற கேள்விக்குள், "எனக்கு மட்டும் ஏன் முடியலை" என்ற கேள்வியும் இருக்கக்கூடும்.

முடி கொட்டிய நாளையும் சேர்த்துப் பாருங்கள். கீமோவில் முடி போகும் என்று முன்பே சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கும்போதுதான் நோய் நிஜமாகிறது. உங்கள் கேலி பையனுக்குச் சரியான நேரத்தில் வந்தது. அவளுக்கு அது ஒரு நாள் முந்தி வந்துவிட்டது. ஒரே வீட்டில் ஒருவர் அழுது முடிப்பதற்குள் இன்னொருவர் சிரிக்க ஆரம்பிப்பது நடப்பதுதான். இதில் யாருக்கும் பாசம் குறைவு என்று அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது இது. பையனுக்குப் பிடிக்காத வேலைகளில் இரண்டை உங்கள் பொறுப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய் கொப்பளிப்பும் டப் குளியலும் உங்களுக்குப் பொருத்தம். இரண்டுமே நேரம் பிடிப்பவை, சலிப்பானவை, உங்கள் வாய்க்கு நல்ல தீனி. டப்பில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து நிமிடத்தில் விழுப்புரத்தில் ஏறி தாம்பரத்தில் இறங்கிவிடலாம். எந்த மருந்தை எவ்வளவு கலப்பது, எத்தனை முறை என்பதை நர்ஸிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மகள் குளித்துச் சாப்பிட்டு அரை மணி தூங்கட்டும். விளையாட்டில் அவளுக்கும் ஒரு வேஷம் கொடுங்கள். டிரைவர் அவள்தான் என்று பையனையே சொல்ல வையுங்கள். டிரைவருக்கு டிக்கெட் கிடையாது, கையும் காலும் அமுக்கிப் பிடிக்கும் வேலையும் அந்த அரை மணிக்குக் கிடையாது.

அவளிடம் பேசும்போது விளக்கம் வேண்டாம். "அன்னிக்கு உன்னைப் பாக்காம பேசிட்டேம்மா. அவனைச் சிரிக்க வைக்கணும்னுதான் இருந்தேன், உனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கலை. எந்த விஷயத்துல நான் கேலி பண்ணக் கூடாதுன்னு நீ சொல்லு, அதோட நிறுத்திக்கறேன்." இவ்வளவு போதும். அவள் ஒரு பட்டியல் சொன்னால் வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடர்பான முடிவும், குழந்தையிடம் எதைச் சொல்லலாம் என்ற முடிவும் பெற்றவர்களுடையவை. பாசத்தில் நீங்கள் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்றாலும், அந்த விஷயத்தில் உங்கள் இடம் அவர்களுக்கு அடுத்ததுதான். மாப்பிள்ளையிடமும் இதையே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அவர் வாய் திறக்காதவராக இருந்தாலும்.

சிரிப்பால் நோய் போகுமா?

டீக்கடை நண்பர் சொன்னது தவறு. ரத்தப் புற்று அணுக்களைச் சிரிப்பு அழிக்காது, ரத்தத்தையும் ஊற வைக்காது. அழிப்பது கீமோதான். இந்த நோய்க்கு மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டு ஓடும். முதல் சில வாரத்திலேயே பையன் தெம்பாகிவிடுவதால், சரியாகிவிட்டது என்று நினைத்து நடுவில் விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. விட்டால் நோய் திரும்பும். வளர்ந்த நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் 100-க்கு 90 பேர் அளவில் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் குறைவதற்கு முக்கியக் காரணங்களில் இரண்டு: கிருமித் தொற்றும், பாதியில் நிறுத்துவதும். "நான் சரியாகச் சிரிக்க வைக்காததால்தான் ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கியது" என்ற எண்ணம் உங்களுக்கு ஒருநாள் வரக்கூடும். நண்பரின் பேச்சில் இருக்கும் ஆபத்து அதுதான்.

அப்படியானால் சிரிப்பு எதற்கு? பயத்துக்கும் வலிக்கும். 1986-ல் நியூயார்க்கில் சர்க்கஸ் கோமாளிகளைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பும் முறையான ஏற்பாடு ஒன்று தொடங்கியது. அதற்குப் பின் பல நாடுகளில் இது பரவி, ஆராய்ச்சிகளும் நடந்தன. 2005-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் ஆபரேஷனுக்குப் போகும் 40 குழந்தைகளைப் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பெற்றோரோடு கோமாளிகளும் கூட இருந்த குழந்தைகளுக்குப் பயம் தெளிவாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குழந்தைக்கு நல்லது என்று ஒப்புக்கொண்ட மருத்துவப் பணியாளர்களிலேயே பெரும்பாலோர், எங்கள் வேலை கெடுகிறது, இதைத் தொடர வேண்டாம் என்றார்கள். இந்த இரண்டாவது விஷயம் உங்களுக்கு முக்கியம். அங்கே நர்ஸ் ஒருவர் மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார், ஒரு தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்காகிவிடும். அந்த நேரத்தில் பஸ் பக்கத்தில் வரக் கூடாது.

உங்கள் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்வார். ராஜா பாட ஆரம்பித்ததும் ஒதுங்கி நின்றுவிடுவார். வார்டில் உங்களுக்கும் அந்த அளவுதான்.

பஸ்ஸை எப்படி ஓட்டுவது

இப்போது நீங்கள் கண்டக்டர், அவன் பயணி. இதை மாற்றுங்கள். பையன் கண்டக்டர், நீங்கள் சில்லறை இல்லாமல் ஏறிவிட்டு முழிக்கும் கிழவர். அவன் உங்களை அதட்டட்டும், இறக்கிவிடட்டும், "படியில நிக்காதே, உள்ள போ" என்று கத்தட்டும். 6 வயதுப் பிள்ளையின் உடம்பை நாள் முழுவதும் பெரியவர்கள் குத்தியும் புரட்டியும் பார்க்கும் இடத்தில், பெரியவர் ஒருவர் அவன் சொல்லுக்குக் கட்டுப்படுவதே பெரிய மருந்து. கேலிக்கு ஆளாக வேண்டியவர் எப்போதும் நீங்கள்தான். உங்கள் வழுக்கை, உங்கள் குறட்டை, உங்கள் பல்செட் எல்லாவற்றையும் கேலி செய்யலாம். அவன் வழுக்கை, ஸ்டீராய்டில் வீங்கிய கன்னம், தடுமாறும் நடை இவற்றைத் தொட வேண்டாம். வின்கிறிஸ்டின் என்னும் கீமோ ஊசியால் பாதம் தொய்ந்து நடை மாறுவதுண்டு. அதை நடித்துக் காட்டினால் அவன் சிரித்துவிடலாம், ஆனால் அடுத்த நாள் நடக்கவே கூச்சப்படுவான். அப்படி நடை மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்லவும் வேண்டும். "ஒரே டிப்போ" ஏன் வேலை செய்தது தெரியுமா? அதில் வழுக்கை உங்களுடையதாகவும் இருந்தது.

"ஹோல்டான்" சொல்லும் அதிகாரத்தை அவனிடம் கொடுக்கலாம். ஆனால் நர்ஸிடம் முன்கூட்டியே பேசி, எங்கே அது செல்லும், எங்கே செல்லாது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிரப் குடிக்கும்போது, பிளாஸ்டர் பிரிக்கும்போது, டப்பில் உட்காரும் முன் "ஹோல்டான்" என்றால் எல்லோரும் பத்து எண்ணும்வரை நிற்கலாம். ரத்தம் எடுக்கும் ஊசி உள்ளே போனபின் நிறுத்த முடியாது. முதுகுத்தண்டில் மருந்து போடும்போது அசையவே கூடாது. அதை முதலிலேயே, "அது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்டா, நடுவுல நிக்காது" என்று சொல்லிவிடுங்கள். செல்லாத அதிகாரத்தைக் கொடுத்து ஏமாற்றினால் அடுத்த தடவை உங்களையே நம்ப மாட்டான்.

ஊசிக்கு முன்பு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேலை செய்ய அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும், கடைசி நிமிடத்தில் தடவிப் பயனில்லை. அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. ஊசி ஏறும் நொடியில் ஜோக்கை விட, நீளமாக ஊத வைப்பது நல்லது. சோப்புக் குமிழ் ஊதுவது, இல்லாத விசிலை ஊதுவது எதுவானாலும் சரி. மூச்சு வெளியே போகும்போது உடம்பு தளரும். குமிழ் ஊதும் குச்சியை வேறு குழந்தையோடு பகிர வேண்டாம். உங்கள் பழைய விசிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பக்கத்துக் கட்டிலில் தூங்கும் குழந்தையின் அம்மா உங்களைச் சபிப்பார்.

மாஸ்க் போட்டிருப்பதால் உங்கள் முகம் அவனுக்குத் தெரிவதில்லை. மாஸ்க்கின் வெளிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் மீசை வரைந்துகொள்ளலாம். ஈரமானாலோ கசங்கினாலோ மாஸ்க்கையே மாற்றுங்கள். மீசை தினமும் மாறுவது அவனுக்கு ஒரு சுவாரசியம். உங்களுக்குச் சளியோ இருமலோ இருந்தால் அன்றைக்கு வார்டுக்கே போக வேண்டாம், போனில் பேசுங்கள். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

குசு ஜோக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 6 வயதில் உலகத்திலேயே பெரிய நகைச்சுவை அதுதான், வெட்கப்பட வேண்டாம். வின்கிறிஸ்டின் மலச்சிக்கலை உண்டாக்கும் மருந்து என்பதால், இரண்டு நாள் கழித்து வரும் முதல் சத்தத்துக்கு வார்டில் கைதட்டலே விழும். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் போகவில்லை என்றால் சிரித்துக்கொண்டிருக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து என்று ஊர் வைத்தியம் எதுவும் செய்துவிடாதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும்.

மூன்று பழைய வழக்கங்களை விட்டுவிட வேண்டும். ஒன்று, "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்". ஊசி அவனுக்குத் தண்டனையாகிவிடும். இந்த வயதில் பிள்ளைகள் தாங்கள் செய்த ஏதோ தப்பால்தான் நோய் வந்தது என்று தானாகவே நினைத்துக்கொள்வார்கள், அதற்கு நாமும் எண்ணெய் ஊற்றக் கூடாது. இரண்டு, "வலிக்காதுடா". "கொஞ்சம் வலிக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள போயிடும்" என்று சொல்லுங்கள். மூன்று, மாத்திரையை மிட்டாய் என்பது. மெர்காப்டோப்யூரின் போன்ற கீமோ மாத்திரைகள் ரத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து அளவு மாற்றித் தருபவை. மிட்டாய் என்று நம்பி அவனோ அக்காவோ கூடுதலாக எடுத்துத் தின்றால் ஆபத்து. மாத்திரை மாத்திரையாகவே இருக்கட்டும், டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பஸ் ஓடக் கூடாத நேரங்கள்

காய்ச்சல். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் எல்லா விளையாட்டையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். வார்டில் என்றால் நர்ஸிடம், வீட்டில் என்றால் ராத்திரி 2 மணியானாலும் மருத்துவமனைக்கு. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிப் பார்க்க வேண்டாம், அது தொற்றை மறைத்துவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 500-க்குக் கீழே இருக்கும் நாட்களில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வாய்ப்புண். மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்துக்குப் பின் வாயெல்லாம் வெந்துபோகும். சிரிக்க உதட்டை விரித்தாலே வலிக்கும். அந்த நாட்களில் நீங்கள் பேச்சைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கலாம். வின்கிறிஸ்டினுக்குப் பின் தாடை வலிக்கும் நாட்களும் அப்படித்தான்.

பட்டினி நாள். மயக்க மருந்துக்கு முன் திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். மேல்மருவத்தூரில் டிபனுக்கு நிறுத்தும் காட்சியை அன்றைக்கு நடிக்காதீர்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் சில குழந்தைகள் உளறுவார்கள், இல்லாததைப் பார்த்து மிரளுவார்கள். வெளிச்சத்தைக் குறைத்து, மெதுவாகப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அந்த உளறலை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடும் பழக்கம் இப்போது நிறைய வீடுகளில் வந்துவிட்டது. அவன் வளர்ந்து அதைப் பார்ப்பான். பெற்றவர்கள் சம்மதமும் அவன் சம்மதமும் இல்லாமல் எதையும் எடுக்க வேண்டாம்.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருக்கும்போது கிச்சுகிச்சு, குஸ்தி, தூக்கிப் போட்டுப் பிடிப்பது எதுவும் கூடாது. மார்பிலோ கையிலோ மருந்து ஏற்றும் லைன் (குழாய்) வைத்திருந்தால் எப்போதுமே கூடாது.

ஸ்டீராய்டு நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி 2 மணிக்குப் புளிசாதம் வேண்டும் என்பான், கொண்டுவந்தால் எறிவான், உங்களைப் பார்த்து "போ தாத்தா" என்பான். மருந்து பேசுகிறது, அவன் பேசவில்லை. உங்கள் ஜோக் எடுபடாத அந்த வாரத்தில் இன்னும் சத்தமாக ஜோக் அடிக்காமல், "சரி, பஸ் இன்னிக்கு டிப்போவுல நிக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். ஸ்டீராய்டு முடிந்து சில நாளில் பழைய பையன் திரும்பி வருவான். சிகிச்சையின் பின்கட்டத்தில் ஸ்டீராய்டு மறுபடி வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

அந்த ராத்திரி அவன் கேட்டது

ஐயா, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970-களில் ரத்தப் புற்று வார்டுக் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து கவனித்தார். யாரும் சொல்லாமலே அவர்கள் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் கஷ்டப்படுகிறார்களே என்று, தெரியாதது போல நடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பேரன் திரும்பிப் படுத்தது, இந்தப் பேச்சைத் தாத்தாவிடம் எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டதால் இருக்கலாம். அதை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் இப்படிக் கேட்டான் என்று சொல்லுங்கள். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்வது என்று பேசி முடிவெடுங்கள். டாக்டரிடமோ வார்டு ஆலோசகரிடமோ கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு அவன் தெம்பாக இருக்கும் ஒரு நேரத்தில் தொடங்குங்கள்: "அன்னிக்கு ராத்திரி நீ ஒண்ணு கேட்ட. தாத்தா சிரிச்சு மழுப்பிட்டேன். எனக்கே பயமா இருந்துச்சு. இப்ப கேளு, சொல்றேன்."

அவன் மறுபடி கேட்டால் உடனே பதிலுக்குப் போகாதீர்கள். "ஏன் கண்ணு அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். பல நேரம் காரணம் கண்ணெதிரே நடந்த ஒன்றாக இருக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளை திரும்பி வராமல் போயிருக்கலாம், அம்மா போனில் அழுததைக் கேட்டிருக்கலாம். அந்தக் காரணத்துக்குத்தான் முதல் பதில். அதன்பின் உண்மை, சின்ன வாக்கியங்களில்: "இது பெரிய நோய்தான். இது வந்து சில பேர் செத்தும் போயிருக்காங்க. நிறைய பேரு நல்லாகி ஸ்கூலுக்குப் போறாங்க. உன்னை நல்லாக்கத்தான் இவ்ளோ மருந்தும். நீ செஞ்ச எதனாலயும் இது வரலை. என்ன ஆனாலும் உன்னைத் தனியா விட மாட்டோம்." "ஒண்ணும் ஆகாது, சத்தியம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சொல்லி முடித்ததும் அவன் ஐந்து நிமிடத்தில் "சரி, டிக்கெட் எடு" என்று விளையாட்டுக்கு வந்துவிடலாம். குழந்தைகள் இப்படித்தான், துக்கத்துக்குள் போவதும் வருவதும் சட்டென்று நடக்கும். அப்போது தாராளமாக டிக்கெட் எடுங்கள். பதில் சொன்ன பிறகு வரும் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் மறைக்க வேண்டியதும் இல்லை. தாத்தா அழுதால் தானும் அழலாம் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டில் மற்றவர்கள்

பாட்டியிடம் வாதாட வேண்டாம். பேரன் சிரிப்பதைக் கண்டு பயப்படுவது அவர் பயத்தின் உருவம். திருஷ்டி சுற்றிப் போட வேண்டுமானால் தூரத்தில் சுற்றட்டும். சாம்பிராணிப் புகை, கோவில் தீர்த்தம், வெளியிலிருந்து வரும் பிரசாதம் இவற்றைப் பையனிடம் கொண்டுபோக வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

அக்காவைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள், "பெருசு இப்பெல்லாம் பேசறதே இல்ல" என்று. எனக்குக் கவலை தருகிற வரி அது. தம்பியோடு சண்டை போட்டதால் வந்ததோ, தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ, தான் சிரித்தால் தப்போ என்றெல்லாம் 10 வயதுப் பெண் நினைத்துக்கொள்வாள். இது ஒட்டுவதில்லை, யாராலும் வந்ததில்லை என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் மூன்று நாளில் ஒரு மாலையை அவளுக்கென்றே ஒதுக்குங்கள், நோயைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் பேசுங்கள். அவளுக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. பள்ளியில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே வீட்டில் சொல்ல வேண்டும். அடுத்து தம்பியைப் பார்க்கப் போவதற்கு முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும். தம்பிக்குத் தொற்றியிருக்க வாய்ப்பிருந்தால், தடுக்கக் கொடுக்கும் மருந்துக்கு நாள் கணக்கு உண்டு.

இனி நீங்கள். தாத்தாக்களுக்கு இதில் இரட்டைப் பாரம். பேரனுக்காக ஒன்று, கண்ணெதிரே உருகும் மகளுக்காக ஒன்று. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுவதை நான் நோயாகப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் 14416 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி அது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கிடைக்கும். ஊரில் ஒரு நண்பரிடம் எல்லாவற்றையும் கொட்டுவதும் நல்லதுதான், டீக்கடை வைத்தியரைத் தவிர வேறு யாராவது இருந்தால்.

பிரஷர் மாத்திரை விஷயத்தை நாளைக்கே கவனியுங்கள். விட்டு விட்டுப் போட்டிருப்பதால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, பழைய அளவே போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்துவைத்தால் வீட்டுக்கே வந்து தருவார்கள், பாட்டி வாங்கி வைக்கலாம். சென்னைக்குக் கிளம்பும் பையில் நாலு நாளுக்கு உண்டானதோடு இரண்டு நாளுக்குக் கூடுதலாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் எப்போது என்று அங்கே போனபின்தானே தெரிகிறது.